தொண்ணூற்று ஒன்றில் நின்றுபோன ஆல்பம்

வியாழக்கிழமை பிற்பகல் கேக் தட்டோடு நான் உள்ளே நுழைந்தபோது, ஃபோல்கெர்ட் சமையலறை மேசையில் ஹெட்ஃபோனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"மொய்ன்" என்று எங்கள் ஊர் வணக்கம் சொன்னேன். தோளைத் தொட்டேன். திடுக்கிட்டு எழுந்ததில் நாற்காலி பின்னால் விழுந்தது.

"யாரு? கேசாவா? பேசு. ஏதாவது பேசு!"

"என்னப்பா ஆச்சு உனக்கு? பேயறைஞ்ச மாதிரி நிக்கிறே?"

"கேக்குது." இடது காதைத் தடவிக்கொண்டான். "உன் குரல் கேக்குது. அப்ப காது போகலை. ஐயோ கேசா, எனக்கு உசுரே போயிடுச்சு. பழைய ரெகார்டிங்ல அப்பா மாட்டுத் தொழுவத்துல பேசிட்டு இருந்தாரு. பாதிப் பேச்சுல பொசுக்குன்னு நின்னுபோச்சு. திங்கக்கிழமை ஆபரேஷன் வரைக்கும்கூட இந்தக் காது தாங்கலையேன்னு நினைச்சேன்."

ஹெட்ஃபோனை வாங்கி என் காதில் வைத்தேன். கம்ப்யூட்டரில் நிமிஷமும் வினாடியும் ஓடிக்கொண்டிருந்தன. சத்தம் மட்டும் இல்லை. பழைய கேசட்டுகளில் பேச்சில்லாத இடத்திலும் ஒரு இரைச்சல் இருக்குமே, அதுகூட இல்லை.

"உன் காது நல்லாத்தான் இருக்கு. இந்த டிரைவுதான் மக்கர் பண்ணுது" என்று சொல்லிச் சிரித்தேன். அன்றைக்குச் சிரித்ததற்கு என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஃபோல்கெர்ட் ஊபன் பிறவியிலேயே பார்வையில்லாதவன். கடல் ஊருக்குள் வராமல் தடுக்கிற கடலணைக்குப் பின்னால் பத்து மாடு வைத்திருந்த வீட்டில் பிறந்தான். ஏழு வயதில் பார்வையற்றோர் பள்ளிக்காகத் தூரத்து நகரத்துக்கு அனுப்பினார்கள். பத்தொன்பது வயதில் திரும்பி வந்து எங்கள் மாவட்ட அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக உட்கார்ந்தான். நாற்பது வருஷம் அதே நாற்காலி. குப்பை வண்டி வரவில்லை என்று கத்தினவர்கள், பிறப்புச் சான்றிதழ் கேட்டவர்கள், கல்யாணத்துக்குத் தேதி கேட்டவர்கள், எல்லாருடைய குரலும் அவன் காது வழியாகத்தான் போயிற்று. ஒரு "ஹலோ" போதும், ஆளைச் சொல்லிவிடுவான். "போன வாரத்துச் சளி இன்னும் போகலையா?" என்று விசாரிக்கவும் செய்வான். நான் முப்பத்திரண்டு வருஷம் அதே ஊரில் வீடு வீடாகத் தபால் கொடுத்தவள். வீட்டு எண் எனக்குத் தெரியும், வீட்டுக்காரர் குரல் அவனுக்குத் தெரியும். எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாமல் ஊரில் ஒரு ஈ பறந்ததில்லை.

முதல் சம்பளத்தில் அவன் ஒரு டேப்ரெகார்டர் வாங்கினான். மற்றவர்கள் ஃபோட்டோ எடுக்கிற இடத்திலெல்லாம் இவன் அதன் பொத்தானை அமுக்குவான். அம்மா சூடான தேநீரை ஊற்றும்போது கோப்பைக்குள் கற்கண்டு வெடிக்கிற சத்தம், அப்பா மாடுகளைத் திட்டுகிற திட்டு, காலையில் தெருவில் பனி வாருகிற மண்வெட்டி. அதைத் தன் ஆல்பம் என்றுதான் சொல்வான். வீட்டுக்கு யாராவது வந்தால் "ஆல்பம் பாக்கறீங்களா?" என்பான். வந்தவர்கள் முழிப்பார்கள்.

அந்த ஆல்பத்துக்குள் இம்கே வந்தது தொண்ணூற்று மூன்றில். அவளும் டெலிபோனில்தான் வந்தாள். குப்பைத் தொட்டி உடைந்துவிட்டது என்று புகார் சொல்ல அழைத்தவளை, இவன் வேண்டுமென்றே மீன்வளப் பிரிவுக்கு மாற்றிவிட்டான், திரும்பவும் அழைக்கட்டும் என்று. அடுத்த தடவை கல்யாணப் பதிவுக்கு மாற்றினான். மூன்றாவது தடவை அவள், "யோவ், உனக்கு வேலை தெரியலையா, இல்ல என் குரல் பிடிச்சுப்போச்சா?" என்று கேட்டாளாம். "ரெண்டாவது" என்றானாம் இவன். அடுத்த வசந்தத்தில் கல்யாணம். குழந்தை இல்லை. இருபத்தாறு வருஷம் என் வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் அவர்கள் இரண்டு பேரும் பேசிக்கொண்டே இருந்தார்கள். இடையிடையே ரெகார்டர் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். ஆறே வாரத்தில் போய்விட்டாள்.

அவன் கண்ணைத் தின்ற கோளாறு காதையும் விடவில்லை. ஐம்பது வயதில் வலது காது முழுக்கச் செத்தது. இடது காதும் வருஷத்துக்கு வருஷம் இறங்கிக்கொண்டே போய், இந்தக் கோடையில் கத்திப் பேசினால்தான் கேட்கிறது என்ற நிலைக்கு வந்துவிட்டது. டாக்டர் ஒளிக்காமல் சொன்னார்: இடது காதுக்குள்ளே ஒரு கருவி வைக்கலாம், வலதில் நரம்பே செத்துவிட்டதால் அங்கே வைத்துப் பயனில்லை. வைத்தால் பேச்சு புரியும். ஆனால் மிச்சம் இருக்கிற சொந்தக் கேட்கும் திறன் அந்த ஆபரேஷனோடு போய்விடலாம். கருவி வழியாகக் கேட்கிற குரல் தகரத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருக்கும், யார் குரல் எது என்று புதிதாகப் பழக வேண்டும். வைக்காவிட்டால் கிறிஸ்துமஸுக்குள் எதுவும் கேட்காது. கண்ணும் இல்லை, காதும் இல்லை என்றால் ஒரு மனிதன் எங்கே போவான்? சரி என்று கையெழுத்துப் போட்டான். திங்கட்கிழமை காலை ஆபரேஷன்.

அதற்கு முன் அவன் கேட்டது ஒன்றே ஒன்று. சொந்தக் காதால் கடைசியாக இம்கேயின் குரலைக் கேட்க வேண்டும்.

"அப்ப நேரா அவகிட்டப் போயேன். என்னத்துக்கு எழுபத்தாறாம் வருஷத்துலேர்ந்து மாட்டுச் சத்தத்தைக் கேட்டுட்டு உக்காந்திருக்கே?" என்று மூன்று வாரத்துக்கு முன்னாலேயே நான் கேட்டேன்.

"தட்டுல பிடிச்சதைக் கடைசிலதான் சாப்பிடணும் கேசா. வியாழனோட என் இளமை முடியுது. வெள்ளி, சனி, ஞாயிறு, மூணு நாளும் இம்கே மட்டும். கடைசியா இந்தக் காதுல விழறது அவ குரலா இருக்கணும்."

ஒழுங்கு பிடித்த மனுஷன். தினமும் ஆறு மணி நேரம், கோப்பு பார்க்கிற மாதிரி வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தான். தொண்ணூற்று ஒன்று, மார்ச் மாதம். அங்கேதான் அவன் அப்பாவின் பேச்சு பாதியில் நின்றது.

அந்த டிரைவை வாங்கிக் கொடுத்தது நான்தான். போன இலையுதிர்காலத்தில் அவனுடைய பழைய கம்ப்யூட்டர் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. கேசட்டுகளையெல்லாம் இம்கே பல வருஷத்துக்கு முன்பே கம்ப்யூட்டரில் ஏற்றி, பரணை ஒழித்தபோது அவளே மூட்டை கட்டி மறுசுழற்சிக் கூடத்தில் போட்டுவிட்டாள். அதனால் ஆல்பம் இருந்தது அந்த ஹார்ட் டிஸ்கில் மட்டும். நான் இணையத்தில் தேடி கம்ப்யூட்டருக்கு வெளியே செருகிக்கொள்கிற ஒரு எஸ்.எஸ்.டி. டிரைவ் வாங்கினேன். உள்ளங்கை அளவு, கனமாக, பளபளவென்று இருந்தது. கடையில் சொல்கிற விலையில் மூன்றில் ஒரு பங்கு. "பாத்தியா, கேசா வாங்கினா இப்படித்தான்" என்று பெருமை வேறு பீற்றிக்கொண்டேன். நுணலும் தன் வாயால் கெடும்.

ஒரு நாள் முழுக்கக் காப்பி ஓடியது. முடிந்தது என்று வந்தது. ஒரு பிழையும் காட்டவில்லை. எழுபத்தாறிலிருந்து நாலைந்து ஃபைலை ஓட்டிப் பார்த்தோம், அம்மா தேநீர் ஊற்றினாள், கற்கண்டு வெடித்தது. திருப்தி. கடைசிப் பக்கத்தைத் திறந்து பார்க்க வேண்டும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அதோடு விட்டோமா? பழைய டிஸ்கை அப்படியே தூக்கிப்போட அவன் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்களெல்லாம் பேரும் முகவரியும் இருக்கிற உறையைக்கூடத் துண்டுதுண்டாக வெட்டாமல் குப்பையில் போடாத ஜனங்கள். இவனோ நாற்பது வருஷம் ஊரார் பேச்சைக் காத்தவன்.

"எத்தனை பேர் குரல் இருக்கு அதுல. யார்கிட்டயும் நான் அனுமதி கேட்டதில்ல. எவன் கையிலயோ போய்ச் சிக்கினா? முறைப்படி அழிச்சுட்டுத்தான் போடணும்."

முறைப்படி அழித்தோம். என் வீட்டுப் பட்டறையில் டிஸ்கை இடுக்கியில் இறுக்கி, செத்துப்போன என் புருஷனுடைய ட்ரில்லிங் மெஷினால் ஓட்டை போட்டேன். ஃபோல்கெர்ட் மேசையில் கை வைத்து அதிர்வைப் பார்த்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணினான். ஏழு ஓட்டை. மறுசுழற்சிக் கூடத்து ஆள் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "ஜனங்கன்னா இப்படி இருக்கணும்" என்று மெச்சினான். நாங்கள் கேக் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம்.

வியாழக்கிழமைக்கு வருகிறேன். அந்த ஃபைலை விட்டுவிட்டு அடுத்ததைத் திறந்தேன். திறக்கவில்லை. தொண்ணூற்று மூன்று ஃபோல்டருக்குப் போனேன். பெயரெல்லாம் இருந்தது. 'இம்கே முதல் டெலிபோன்', 'இம்கே படகில்', 'இம்கே தும்மல்'. ஒவ்வொன்றுக்கும் அளவும் சரியாகக் காட்டியது. ஒன்றும் ஓடவில்லை.

"இங்க ஓடலைன்னா பரவாயில்ல, உன் சின்னப் பிளேயருக்குக் காப்பி பண்ணிடறேன்" என்றேன். காப்பி பண்ணினேன். நாலு சதவீதத்தில் நின்றது. ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று கம்ப்யூட்டரின் வாசிப்புக் குரல் சொன்னது. மறுபடி போட்டேன். மறுபடி நாலு. கேபிளைப் பிடுங்கித் துடைத்துச் செருகினேன். டிரைவே காணாமல் போய்விட்டது. பின்பக்கத் துளையில் செருகினேன், திரும்ப வந்தது. காப்பி பண்ணினேன். இந்தத் தடவை ரெண்டில் நின்றது. இந்த டிரைவில் பிழை இருக்கிறது, சரிசெய்யலாமா என்று கேட்டது.

"சரிசெய்யச் சொல்லவா?"

"தொடாதே! தெரியாத பொத்தானை அமுக்காதே கேசா. உன் காலைப் பிடிக்கிறேன்." கேக்கை இரண்டு பேரும் தொடவில்லை.

வெள்ளிக்கிழமை என் லேப்டாப்பைக் கொண்டுபோய்ச் செருகிப் பார்த்தேன். அதே கதை. புதுக் கேபிள் வாங்கிவந்தேன். குட்டையான கேபிள் நல்லது என்று யாரோ எழுதியிருந்தார்கள், அதற்காக இன்னொன்றும் வாங்கினேன். சூடானால் டிரைவ் தடுமாறும் என்று படித்துவிட்டு ஜன்னல் விளிம்பில் குளிர்காற்றில் வைத்து ஓட்டினேன். ஒவ்வொரு தடவையும் ஃபோல்கெர்ட் முழங்கையை மேசையில் ஊன்றி, இடது காதைக் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி, "எவ்வளவு?" என்று கேட்டான். மூணு என்பேன். ரெண்டு என்பேன். ஒரு தடவை பதினொன்று வரைக்கும் போயிற்று. அவன் எழுந்து நின்றுவிட்டான். அந்தப் பதினொன்றும் ஒரே ஒரு பெரிய ஃபைல், அது மட்டும் முழுசாகக் காப்பி ஆகியிருந்தது. பெயர், 'இம்கே சமையலறை'. திறந்தால் ஃபைல் சேதம் என்று வந்தது.

"எனக்குக் கொஞ்சம் தண்ணி குடு" என்றான் அவன்.

வேறு எங்கேயாவது அவள் குரல் இருக்காதா என்று தலையைப் பிய்த்துக்கொண்டேன். அவளுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. வீட்டு ஆன்ஸரிங் மெஷினில் பேசுவது ஃபோல்கெர்ட். அவளுடைய ஃபோனை அவள் இறந்த அதே மாதம் எல்லாம் அழித்துத் தானமாகக் கொடுத்தாயிற்று, அதுவும் முறைப்படிதான். என் ஃபோனில் தேடினேன். ஒரே ஒரு வீடியோ அகப்பட்டது. என் அறுபதாவது பிறந்தநாள், நாற்பது வினாடி. இம்கே மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கேக் சாப்பிடுகிறாள். என்னைப் பார்க்கிறாள், சிரிக்கிறாள், ஏதோ சொல்ல வாயைத் திறக்கிறாள். உடனே என் குரல், "ஏய் இம்கே, க்ரீம் ஒட்டியிருக்கு பாரு மூக்குல!" அவள் வாயை மூடிக்கொண்டு மூக்கைத் துடைக்கிறாள். திரும்பவும் வாயைத் திறக்கிறாள். திரும்பவும் நான். நாற்பது வினாடியும் நானே பேசுகிறேன். பாவி, ஒரு வார்த்தை பேச விட்டிருக்கக் கூடாதா? அதை ஃபோல்கெர்ட்டிடம் நான் காட்டவே இல்லை.

அன்று மாலை டிரைவை வில்கோவிடம் கொண்டுபோனேன். சந்தைத் திடலுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடை வைத்திருக்கிறவன். பால்பல் விழுந்த காலத்திலிருந்து தெரியும்.

"சனிக்கிழமை ஒரு மணிக்குக் கடை மூடணும் கேசா. முன்னாடி ஏழு மெஷின் வரிசையில நிக்குது."

"வில்கோ, உன் வீட்டு நாய் என்னைக் கடிச்ச அன்னிக்கும் நான் தபாலைக் குடுத்துட்டுத்தான் போனேன்."

"முப்பது வருஷமா அந்த நாயையே சொல்லுங்க!" என்றான். ஆனால் டிரைவை வாங்கி வைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் போனேன். வில்கோ மேசை விளக்கைத் திருப்பிக் காட்டினான். டிரைவின் பளபள மூடியைப் பிரித்துவைத்திருந்தான். உள்ளே கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. ஒரு சின்னப் பலகை, அதில் நகத்தளவு மெமரி கார்டு ஒன்று பசை போட்டு ஒட்டியிருந்தது. பக்கத்தில் கனத்துக்காக ஒரு இரும்பு நட்டு.

"இது என்ன?"

"இதான் உங்க டிரைவு. போலி. ஃபோன்ல போடற கார்டு. பெரிய டிரைவுன்னு கம்ப்யூட்டர்கிட்டப் பொய் சொல்ற மாதிரி பண்ணியிருக்கான் எவனோ. குடுக்கறதையெல்லாம் வாங்கிக்கிற மாதிரி நடிக்கும். பேரை எழுதிக்கும், அளவை எழுதிக்கும். கார்டு நிரம்பினதுக்கு அப்புறம் வந்தது எதையும் உள்ள வைக்கவே இல்ல."

"சரி, அதை எடுக்கிறதுக்கு வழி? பெரிய கம்பெனியெல்லாம் இருக்காமே, எரிஞ்ச டிஸ்க்லேர்ந்துகூட எடுப்பாங்களாமே? எவ்வளவு ஆனாலும்..."

"கேசா, அழிஞ்சதை எடுக்கலாம். எழுதவே எழுதாததை எங்கேர்ந்து எடுக்கிறது? ராத்திரி பூரா பாத்துட்டேன். தொண்ணூத்தொண்ணு மார்ச் வரைக்கும் இருக்கு. அதைப் பத்திரமா வேற நல்ல டிரைவுல போட்டுட்டேன். அதுக்கு மேல வெறும் பூஜ்யம்." பிறகு மெதுவாக, "பழைய டிஸ்க் எங்க? அது செத்திருந்தாலும் கொண்டாங்க, முயற்சி பண்ணலாம்" என்றான்.

"ஓட்டை போட்டுட்டேன்."

"எத்தனை?"

"ஏழு."

வில்கோ ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். "ஒண்ணு போதுமே. எதுக்கு ஏழு?"

"நல்லா செய்யணும்னு" என்றேன். அப்புறம் அவன் கடையில் நின்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். ஒரு மணிக்குக் கடை மூட வேண்டியவன் ஒன்றரை வரைக்கும் மூடவில்லை.

வழியெல்லாம் ஒரு பொய்யைச் செதுக்கிக்கொண்டே வந்தேன். பெரிய நகரத்து நிபுணரிடம் அனுப்பியிருக்கிறது, அடுத்த வாரம் வந்துவிடும், ஆபரேஷன் முடிந்து நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம். நல்ல பொய்தான். ஆனால் கதவைத் திறந்ததும் ஃபோல்கெர்ட் என் காலடிச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டான். அந்தப் பாதி செத்த காதுக்கு அது மட்டும் எப்படிக் கேட்டதோ.

"இல்லையா?" என்றான்.

எல்லாவற்றையும் சொன்னேன். கார்டு, நட்டு, பூஜ்யம், நான் தேடிப் பிடித்த மலிவு விலை, எல்லாம். கத்திக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது, அவனுக்குக் கேட்க வேண்டுமே. இப்படிப்பட்ட சேதியை மெல்லிய குரலில் சொல்லக்கூட எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

"எதுவரைக்கும் இருக்கு?"

"அப்பா மாட்டுத் தொழுவத்துல பேசறாரே, அதுவரைக்கும்."

"அப்ப அவ ஒரு வார்த்தைகூட இல்ல."

"இல்ல."

எழுந்து போய்த் தேநீர் ஊற்றினான். கோப்பை நிறைவதைச் சத்தத்தை வைத்துத்தான் எப்போதும் கண்டுகொள்வான், ஒரு சொட்டு சிந்தினது கிடையாது. அன்றைக்குத் தேநீர் வழிந்து தட்டில் நிறைந்து மேசைத்துணியில் ஓடி அவன் காலில் சுடும்வரைக்கும் ஊற்றிக்கொண்டே இருந்தான். நான் கெட்டிலைப் பிடுங்கினேன்.

"என்னைத் திட்டேன்! நாலு வார்த்தை திட்டு ஃபோல்கெர்ட், உனக்குப் புண்ணியமாப் போகும்."

"திட்டினா?" என்றான். "ஓட்டை போடச் சொன்னது நான். எண்ணினது நான். வரிசையாத்தான் கேப்பேன்னு அடம்பிடிச்சது நான். மூணு வாரத்துக்கு முன்னாடியே அவகிட்டப் போயிருந்தா அப்பவே தெரிஞ்சிருக்கும். தெரிஞ்சு என்ன பண்ணியிருப்போம், அது வேற." ஈரத் துணியைக் கையால் நீவிவிட்டான். "கேசா, மனசுக்குள்ள கேட்டுப் பாக்கிறேன். அவ பேசறா. ஆனா தூரத்துல பேசறா. ஒரு தடவை கிட்டத்துல கேட்டுட்டா பிடிச்சுக்குவேன். நீ இருபத்தாறு வருஷம் வேலியில சாஞ்சு அவளோட பேசினவ. அவ மாதிரி பேசிக் காட்டு."

"நானா?"

"வேற யாரு இருக்கா?"

வெள்ளம் தலைக்கு மேலே போனால் சாண் என்ன, முழம் என்ன. அவன் இடது காதுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டேன். இம்கே தினமும் சொல்கிறதைச் சொன்னேன்.

"ஃபோல்கெர்ட், செருப்பை மாத்திட்டு உள்ள வா."

"இல்ல. அவ 'உள்ள'வை இழுப்பா."

"உள்ள்ள வா."

"அவ்வளவு இல்ல. அவ குரல் கொஞ்சம் கரகரன்னு இருக்கும். காலையில எழுந்ததும் இருக்குமே, அப்படி."

தொண்டையைச் செருமிக்கொண்டு திரும்பச் சொன்னேன். அவன் திருத்தினான். 'யோவ், உனக்கு வேலை தெரியலையா'வைச் சொல்லச் சொன்னான், சொன்னேன். தும்மச் சொன்னான், தும்மினேன். கோபமாகச் சொன்னேன், கொஞ்சலாகச் சொன்னேன். இருபது தடவை, முப்பது தடவை. ஒரு கட்டத்தில் "ம், கிட்ட வருது, கிட்ட வருது" என்றான். எனக்கு ஒரு வெறியே வந்துவிட்டது. பிராயச்சித்தம் பண்ணிவிட்டேன் என்றே நினைத்தேன். நிறுத்தாமல் பேசினேன், அவள் சொன்னது, சொல்லாதது, வாய்க்கு வந்ததெல்லாம்.

"நிறுத்து."

"இன்னும் ஒண்ணு இருக்கு, அவ படகுல..."

"நிறுத்து கேசா! ஐயோ, நிறுத்து!" இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். அப்படியே சிலை மாதிரி உட்கார்ந்து உள்ளே தேடினான். முகம் கோணிக்கொண்டு போயிற்று. "செருப்பை மாத்துன்னு அவளைச் சொல்லச் சொல்றேன். உன் குரல்தான் வருது. எந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னாலும் உன் குரல்தான் வருது. தூரத்துலயாவது இருந்தாளே. இப்ப அவளைக் காணோம்."

அவன் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். இம்கேயின் சவ அடக்கத்தில்கூட அவன் அழவில்லை, ரெகார்டரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான்.

கடைசியில், "நீ போக வேண்டாம். இங்கயே இரு. ஆனா பேசாதே. ஒரு வார்த்தை பேசாதே. நானும் பேசலை" என்றான்.

அறுபத்துநாலு வருஷத்தில் விழித்திருக்கிற நேரத்தில் ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் வாய்மூடி இருந்தவள் இல்லை நான். சனிக்கிழமை மிச்சம், ஞாயிற்றுக்கிழமை முழுசும் வாயைத் திறக்கவில்லை. தேநீர் போட்டேன், கோப்பையை அவன் கையில் கொண்டுபோய் வைத்தேன். உட்கார்ந்தால் மூன்று கோப்பை, எங்கள் ஊர் வழக்கம். கரண்டி கீழே விழாமல் பார்த்துக்கொண்டேன். தேவாலய மணி அடித்தபோது ஜன்னலைச் சாத்தினேன். வில்கோ கதவைத் தட்டி, மிச்சம் இருக்கிற ஆல்பத்தை நல்ல டிரைவில் போட்டுக் கொண்டுவந்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் என் கையால் பொத்திவிட்டேன். பயந்துபோய் டிரைவைக் கொடுத்துவிட்டு ஓடினான். ஃபோல்கெர்ட் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். உதடு மட்டும் அவ்வப்போது அசையும். வந்தாளா என்று கேட்கத் துடித்தேன். கேட்டால் என் குரல் அல்லவா உள்ளே போகும்?

திங்கட்கிழமை காலை டாக்ஸியிலும் பேசவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ் என்னிடம் ஏதோ கேட்டாள். நான் தலையை மட்டும் ஆட்டினேன். எனக்கு வாய் பேச வராது என்று நினைத்துக்கொண்டு, பாவம், தாளும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தாள். ஃபோல்கெர்ட்டுக்கு நீல அங்கி மாட்டி, இடது காதுக்குப் பின்னால் முடியை மழித்து, கட்டிலில் படுக்கவைத்தார்கள். ஆபரேஷன் அறைக் கதவு வரைக்கும் நான் கூடவே நடந்தேன்.

"சொந்தக்காரங்க யாராவது ஏதாச்சும் சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க" என்றாள் நர்ஸ்.

ஃபோல்கெர்ட் என் கையைத் தேடிப் பிடித்தான். சனிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவன் வாயைத் திறந்தான்.

"கேசா, இப்ப நீ பேசலாம். அவ திரும்பி வந்துட்டா."

சொல்லிவிட்டு இடது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தான். இரண்டு நாளாக அடைத்துவைத்த பேச்சு அத்தனையும் என் தொண்டைவரைக்கும் வந்து நின்றது. மன்னிச்சுடு என்று சொல்ல வேண்டும். தைரியமாப் போயிட்டு வா என்று சொல்ல வேண்டும். அவன் நிஜமாகத்தான் சொன்னானா, என் மனசு ஆறட்டும் என்று சொன்னானா, எனக்குத் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் அவள் நிஜமாகவே வந்திருந்தால், அந்தக் காதில் பேசிக்கொண்டிருந்தால், இன்னொரு தடவை அவள் பேச்சுக்கு நடுவே நான் புகக் கூடாது.

அவன் கையை மட்டும் அழுத்தினேன். அவனும் அழுத்தினான். நர்ஸ் கட்டிலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.